கொடுவா மீனும் தூண்டிற்காரர் நெறிகளும்

மீன் பிடிப்போரில் இரு வகையினர் உண்டு. வாழ்க்கைக்காகப் பிடிப்போர் ஒரு வகையினர். பொழுதுபோக்கிற்காகப் பிடிப்போர் மற்றொரு வகையினர். முன்னவருக்குக் கடலே கழனி; வலையே ஏர். அவர்கள் ஒருநாள் கடல்மேற் செல்லாவிடில் அன்று அடுப்பு எரிவது அரிது. பின்னவரோ விடுமுறை நாளில் தூண்டிற்கம்பும் இரையும் எடுத்துக்கொண்டு நீர்நிலையை நாடுபவர்கள். மீன் கிடைத்தால் அவர்களுக்கு மகிழ்ச்சி. கிடைக்காவிடில் வீட்டில் எவரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. இவ்விரண்டாம் வகையினர் சில வரம்புகளுக்கு உட்பட்டு நடக்க வேண்டுமா? வேண்டுமெனில் அவ்வரம்புகள் எவை? அவற்றின் காரணம் யாது? மரக்காணம் கடற்கரையையும், அங்குள்ள உப்பங்கழியோடு வாழ்வு பிணைந்த கொடுவா என்னும் மீனையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

மரக்காணம் என்றவுடன் நம் நினைவிற்கு வருவது உப்பு. தூத்துக்குடி, வேதாரணியம் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் உப்பளப் பகுதி அது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் சதுரம் சதுரமாகப் பாத்திகள் விரிந்து கிடப்பதைச் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்வோர் அனைவரும் கண்டிருப்பர். அப்பாத்திகளுக்கு மேற்கிலும் தெற்கிலும் பரந்து கிடப்பது கழுவெளி என்னும் உவர்நீர் ஏரி. சோழமண்டலக் கடற்கரையில் பழவேற்காட்டு ஏரிக்கு அடுத்தபடியாகச் சிறப்புற்ற நீர்ப்பரப்பு இது. மழைக்காலத்தில் சுற்றியுள்ள ஏரிகளின் மிகைநீர் இதனை வந்தடையும். ஏரியின் வடகிழக்கு மூலையிலிருந்து ஓர் உப்பங்கழி புறப்பட்டு, முகத்துவாரத்தின் வழியாக வங்கக் கடலோடு கலக்கிறது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும் பஞ்சத்தில் மக்களுக்கு வேலையளிக்கும் பொருட்டு விரிவாக வெட்டப்பட்டு, அக்காலத்து ஆளுநரின் பெயர் தாங்கிய பக்கிங்காம் கால்வாயும் தன் தென்முனையை இப்பகுதியிலேதான் அடைகிறது.

ஆகவே இங்கே நீர் ஒரு தன்மையதாக இருப்பதில்லை. மழை பெய்தால் ஏரியின் பெரும்பகுதி ஏறக்குறைய நன்னீராகிறது. வெயில் ஏற ஏற உவர்ப்பு மிகுகிறது. கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. உப்பளத்தார் அந்நீரைப் பாத்தி மாற்றிப் பாத்தியாக நகர்த்திக் காய்ச்சி, அது போமே மானியில் ஏறக்குறைய 25 பாகையை எட்டும்போது உப்பைப் படியச் செய்கின்றனர். நன்னீர், உவர்நீர், கடல்நீர், செறிநீர் ஆகிய நால்வகை நீரும் ஒரு காலை நேர நடைக்குள் அடங்கும் நிலப்பகுதி இது. இத்தகைய இடத்தில் நிலைத்து வாழ்வதற்கு, உவர்ப்பின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் உடல் வேண்டும். அத்தகைய உடலைப் பெற்ற மீன்களுள் தலையாயது கொடுவா.

கொடுவாயை வங்காளத்தார் பேட்கி என்பர். மலையாள நாட்டார் காளாஞ்சி என்பர். ஆஸ்திரேலியர் பாரமுண்டி என்பர். 1790 ஆம் ஆண்டில் இதனை அறிவியல் முறைப்படி முதன்முதல் விவரித்தவர் பிளாக் என்னும் ஜெர்மானிய அறிஞர். அவர் இட்ட ‘கால்காரிபர்’ என்னும் சிறப்புப் பெயருக்குக் ‘குதிமுள் தாங்கியது’ என்பது பொருள். பெயருக்கேற்பச் செவுள் மூடியில் கூரிய முள்ளும், கத்தி போன்ற விளிம்பும் இதற்கு உண்டு. கவனமின்றிப் பிடித்தால் விரலை அறுத்துவிடும். வெள்ளி நிறமும், குழிந்த நெற்றியும், கண்ணுக்கு அப்பாலும் நீளும் பெரிய வாயும், இருளில் ஒளியைத் திருப்பிக் காட்டும் கண்களும் இதன் அடையாளங்கள். வேரடியிலும் கல்லிடுக்கிலும் மதகின் நிழலிலும் அசையாது நின்று, அருகில் வரும் இறாலையும் சிறு மீனையும் ஒரே பாய்ச்சலில் விழுங்குவது இதன் வழக்கம். தூண்டிலில் சிக்கிவிட்டால் நீரினின்று எழுந்து துள்ளித் தலையை உதறிப் போராடும். இப்போராட்டமே தூண்டிற்காரர்களை இதன்பால் இழுக்கிறது. விளையாட்டு மீன் என்று உலகெங்கும் இது பெயர் பெற்றதன் காரணமும் அதுவே.

இனி, இதன் வாழ்க்கை வரலாற்றைச் சற்று நுணுகிக் காண்போம். நெறிகளின் காரணமெல்லாம் அதனுள் அடங்கியிருக்கிறது.

வளர்ந்த கொடுவா மீன்கள் முட்டையிடுவதற்கு முகத்துவாரத்தை நாடுகின்றன. பருவமழையை ஒட்டிய காலத்தில், அமாவாசை அல்லது பௌர்ணமியை அடுத்த நாட்களில், கடல் ஏற்றம் கொள்ளும் வேளையில் முட்டையிடுதல் பெரும்பாலும் நிகழ்கிறது. முட்டை ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டம் உடையது. அது மிதந்து பொரிப்பதற்கு ஏறக்குறையக் கடல்நீரின் உவர்ப்பு வேண்டும். வெதுவெதுப்பான நீரில் ஒரு பகலும் ஓர் இரவும் கழிவதற்குள்ளாகவே குஞ்சு வெளிவந்துவிடுகிறது. ஏற்ற நீரோட்டம் அக்குஞ்சுகளைக் கழியின் உட்புறத்துச் சதுப்புகளுக்குக் கொண்டு சேர்க்கிறது. கடலின் பெரிய வாய்களுக்கு எட்டாத அந்த ஆழமற்ற நீரில், இறாற் குஞ்சுகளையும் சிற்றுயிர்களையும் தின்று அவை வளர்கின்றன. உப்பளத்திற்கு நீர் ஏற்றும் வாய்க்காலோடு சில குஞ்சுகள் முதற் பாத்திகளுக்குள் வந்துவிடுவதும் உண்டு. நீர் செறிவேறச் செறிவேற அவை அங்கே வாழ இயலாது.

இளமீன்கள் உவர்நீரிலும் நன்னீரிலும் சில ஆண்டுகளைக் கழிக்கின்றன. மூன்று நான்கு ஆண்டு வயதில் அவை முதிர்ச்சி எய்தி, முகத்துவாரத்திற்குத் திரும்புகின்றன. இங்கே ஒரு வியப்பைக் கேளுங்கள். அவ்வாறு திரும்பும் மீன்களில் பெரும்பாலானவை ஆண்கள். சில பருவங்கள் ஆணாக வாழ்ந்த பின்னர், ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வயதில், அதே மீன் பெண்ணாக மாறுகிறது! தொடக்கத்திலேயே பெண்ணாக முதிர்பவையும் சில உண்டு. எனினும் பொது இயல்பு இதுவே. ஆகவே கொடுவாயின் உலகில் சிறிய மீன் என்றால் முதிராதது. நடுத்தர மீன் என்றால் ஆண். மிகப் பெரிய மீன் என்றால் பெண். அப்பெண் மீனின் கருவளமோ பெரிது. நடுத்தரப் பெண் மீன் பல இலட்சம் முட்டைகளை இடும்; மிகப் பெரியதன் சினையில் முட்டைகள் கோடியையும் தாண்டும்.

இதிலிருந்து விளையும் முடிவு ஒன்றை மாணவர்கள் கூர்ந்து நோக்கவேண்டும். ஆட்டு மந்தையில் கிடாக்களை மிகுதியாக விற்றுவிட்டாலும் பெட்டைகள் எஞ்சியிருப்பின் மந்தை பெருகும். கொடுவாயில் அவ்வாறன்று. இன்று பிடிபடும் ஆண் மீனே ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு தாயாக வேண்டிய மீன். நடுத்தர மீன்களை எல்லாம் பிடித்துத் தீர்த்துவிட்டால், நாளைக்குப் பெண் மீனே இராது. மறுபுறம், பெரிய மீன்களையே தேடிப் பிடித்தால், இன்றைய தாய்மார் அனைவரையும் இழப்போம். இரு பக்கமும் கத்தி விளிம்பு உள்ளது போன்றது இதன் நிலை.

தூண்டிற்காரரின் பெருமிதம் இவ்விடத்திலேதான் இடையூறாகிறது. வலைஞர் எடையை நோக்குவர். விளையாட்டுத் தூண்டிற்காரரோ அளவை நோக்குவர். ‘இந்த ஆண்டில் நான் பிடித்த மீன்களில் இதுவே பெரியது’ என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு இன்பம். அவர் நாடுகின்ற அம்மிகப் பெரிய மீன் ஏறக்குறைய எப்போதும் தாய் மீனாகவே இருக்கும். அவர் நாடுகின்ற இடமும் முகத்துவாரம். விரும்பும் வேளையும் ஏற்றம் கொள்ளும் வேளை. மீன் முட்டையிடத் திரளும் இடமும் வேளையும் அவையே அன்றோ? ஒருவர் கையில் ஒரு கம்பு என்பது சிறிய கருவிதான். ஆனால் நூறு கம்புகள் ஒரு குறுகிய வாயில் நின்று தாய் மீன்களையே தெரிந்தெடுக்குமாயின், அத்தீங்கை அற்பம் என்று ஒதுக்க இயலாது.

இந்நிலையில் வரம்பு வகுத்தல் புதிய எண்ணமா எனில், அன்று. நம் நாட்டில் மீன்வளக் காப்பைப் பற்றி முதலில் குரல் எழுப்பியோருள் தூண்டிற்காரர் ஒருவரும் உண்டு. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சலிவன் தாமஸ் என்பவர், இந்தியாவில் தூண்டில் போடுதல் பற்றி 1873 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். தென்கன்னட மாவட்டத்து மீன்வளத்தைப் பற்றி அரசுக்கு அறிக்கையும் அளித்தவர் அவர். அதே 1873 ஆம் ஆண்டில், சென்னைப் படையில் மருத்துவராகப் பணியாற்றியவரும் இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலின் ஆசிரியருமான பிரான்சிஸ் டே, நாட்டின் நன்னீர் மீன்வளத்தைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். பின்னர் 1897 ஆம் ஆண்டில் இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. வெடி வைத்து மீன் கொல்வதையும், நீரில் நஞ்சு கலந்து மீன் பிடிப்பதையும் அது குற்றமாக்கியது. வலைக்கண்ணின் அளவு முதலியவற்றைப் பற்றி விதி வகுக்கும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்கு அளித்தது. சென்னை மாகாணத்தில் 1907 ஆம் ஆண்டில் சர் பிரெடெரிக் நிக்கல்சனின் முயற்சியால் மீன்துறை அமைந்தது.

விடுதலைக்குப் பின் 1983 ஆம் ஆண்டில் தமிழ்நாடு கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. மீன்கள் இனம் பெருக்கும் பொருட்டு, நம் கிழக்குக் கடற்கரையில் 2001 ஆம் ஆண்டு முதல் 45 நாட்களும், 2017 ஆம் ஆண்டு முதல் 61 நாட்களும் விசைப்படகுகளுக்கு ஓய்வு விதிக்கப்பட்டுள்ளது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீளும் இத்தடையை நீங்கள் அறிந்திருப்பீர்கள். கேரள மாநிலமோ இன்னும் ஒரு படி சென்று, 2015 ஆம் ஆண்டில் 14 வகை மீன்களுக்கும், 2017 ஆம் ஆண்டில் 58 வகைகளுக்கும் குறைந்த அளவை வரையறுத்து, அதனினும் சிறியவற்றைப் பிடிப்பதைத் தடுத்தது. எனினும் 61 நாள் தடை விசைப்படகையே குறித்தது. கழியின் கரையில் கம்போடு நிற்பவரை அது தொடுவதில்லை. அவருக்கென்று வேறு நெறி வேண்டும்.

அத்தகைய நெறி எவ்வாறு இருக்கும் என்பதற்கு, இதே கொடுவாயைக் குறித்து ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் வகுத்துள்ள விதிகள் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த மீனையும் வைத்துக்கொள்ளலாகாது. 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மீனையும் வைத்துக்கொள்ளலாகாது. குஞ்சு விட்டு வளர்க்கப்படும் சில நீர்த்தேக்கங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் நாள் தொடங்கிப் பிப்ரவரி முதல் நாள் வரை, மீன் முட்டையிடும் பருவமாதலின், அதனைப் பிடிப்பதே கூடாது. ஒருவர் தம்மிடம் வைத்திருக்கத்தக்க மீன்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு.

இவ்விதிகளை மேற்சொன்ன வாழ்க்கை வரலாற்றோடு பொருத்திப் பாருங்கள். கீழ் எல்லை, மீன் ஒருமுறையேனும் ஆணாக நின்று இனம் பெருக்க இடம் தருகிறது. மேல் எல்லை தாய் மீனைக் காக்கிறது. எண்ணிக்கை வரம்பு, இடைப்பட்ட ஆண் மீன்களில் போதிய அளவு எஞ்சி நின்று பெண்ணாவதற்கு வழி செய்கிறது. பருவத்தடை, திரளும் இடத்தில் அவற்றைத் தொந்தரவு செய்யாமல் காக்கிறது. நான்கில் ஒன்றை நீக்கினாலும் மற்ற மூன்றின் பயன் குறைந்துபோகும். இந்த எண்கள் குவீன்ஸ்லாந்து நீர்நிலைகளுக்கு உரியவை. நம் கரைக்கு உரிய எண்களை நம் மீன்களை அளந்தே வகுக்கவேண்டும். ஆனால் கீழ் எல்லையும் மேல் எல்லையும் ஒருங்கே வேண்டும் என்னும் கோட்பாடு, மீனின் இயல்பிலிருந்தே பிறந்தது. ஆதலின் அது எந்நாட்டிற்கும் பொருந்தும்.

இனி மரக்காணத்திற்கு வருவோம். முதலாவது நெறி, எங்கே தூண்டில் போடலாகாது என்பது. கழுவெளியின் 5,151 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு 2021 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்திற்குள் நுழைவதற்கு 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். ஆய்வு, நிழற்படம் எடுத்தல், சுற்றுலா, முறையான அலுவல் போன்ற காரணங்களை அச்சட்டம் குறிப்பிடுகிறது. விளையாட்டு மீன்பிடிப்பு அவற்றுள் சேரவில்லை. ஆகவே சரணாலய எல்லைக்குள் தூண்டிலுக்கு இடமில்லை என்று கொள்வதே முறை. அது மீனுக்கும் நன்மையே. இளமீன்கள் வளரும் தொட்டில் அச்சதுப்பு அன்றோ?

இரண்டாவது, எப்போது போடலாகாது என்பது. பருவமழை தொடங்கிக் கழி நிரம்பிக் கடலோடு கலக்கும் நாட்களில், முகத்துவாரத்தில் கொடுவாயை நாடாதிருத்தல் வேண்டும். அந்நாட்களில் உப்பளங்களிலும் வேலை நின்றிருக்கும். உப்பளம் ஓயும்போது தூண்டிலும் ஓயட்டும் என்று கொண்டால், நினைவில் வைப்பதற்கும் எளிது.

மூன்றாவது, அளவு. உப்பளத்தில் வேலை செய்வோர் கண்மதிப்பை மட்டும் நம்பி நீரைப் படிபாத்திக்குத் திருப்புவதில்லை. மானியிட்டு அளந்தே திருப்புகின்றனர். அவ்வாறே தூண்டிற்காரரும் அளவுகோல் ஒன்றைக் கையில் கொண்டு செல்லவேண்டும். தூண்டிற்கம்பிலேயே இரண்டு கோடுகள் இட்டுக்கொண்டால் போதும். முதற் கோட்டிற்குக் குறைந்த மீனும், இரண்டாம் கோட்டைக் கடந்த மீனும் நீருக்கே திரும்பவேண்டும். இடைப்பட்டதிலும் வீட்டுக்கு ஒன்று போதும். விற்பனை கூடாது, ஏனெனில் எக்கியார்குப்பத்தார், அழகன்குப்பத்தார் போன்றோரின் பிழைப்பு அது. பொழுதுபோக்கிற்காக வந்தவர் சந்தையில் அவர்களுக்குப் போட்டியாக நிற்பது நேர்மையன்று.

நான்காவது, விடும் முறை. மீனை விட்டுவிட்டால் மட்டும் போதாது. அது பிழைக்கும்படி விடவேண்டும். எதிர்முள் இல்லாத தூண்டில்முள்ளைப் பயன்படுத்தினால் எளிதில் கழற்றலாம். வெப்பமான நீரில் கரைந்துள்ள உயிர்வளி குறைவு; நெடுநேரம் போராடிய மீன் களைத்து மூச்சுத் திணறும். ஆதலின் மெல்லிய நரம்பைக் கொண்டு நீண்ட நேரம் ஆட்டம் காட்டுவது வீரமன்று. கையை நனைத்துக்கொண்டே மீனைத் தொடவேண்டும். உலர்ந்த கையும் சுடுமணலும் அதன் உடலைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பை உரித்துவிடும். தாடையைப் பிடித்துச் செங்குத்தாகத் தூக்கினால் பெரிய மீனின் எடையே அதற்குக் கேடாகும். வயிற்றைத் தாங்கிக் கிடைமட்டமாகப் பிடித்தல் வேண்டும். முள் ஆழமாக விழுங்கப்பட்டிருந்தால் பிடுங்க முயலாமல் நரம்பை வெட்டிவிடுதல் நலம். பின்னர் நீரோட்டத்தை எதிர்நோக்கிப் பிடித்து, தானாக வாலசைத்துச் செல்லும்வரை காத்திருக்கவேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். “நான் விட்டுவிடும் மீனை நாளை ஒருவர் வீச்சுவலையில் பிடித்துக்கொள்வாரே; என் பொறுமையால் யாருக்குப் பயன்?” என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆனால் நாளை அதைப் பிடிப்பவர் தம் குடும்பத்திற்காகப் பிடிக்கிறார். நீங்கள் இன்று பிடித்தது மகிழ்ச்சிக்காக. அம்மகிழ்ச்சியை மீன் துள்ளியபோதே பெற்றுவிட்டீர்கள். அன்றியும், விடப்பட்ட மீன்கள் அனைத்தும் மறுநாளே பிடிபடுவதில்லை. ஒரு தாய் மீன் இன்னும் ஒரே ஒரு பருவம் முட்டையிட்டுவிட்டால், அதன் பயன் அவ்வலைஞரின் பிள்ளைகளுக்கும் சேரும். வலைஞரிடம் கட்டுப்பாட்டைக் கோருவதற்கு முன், இழப்பதற்கு ஏதுமில்லாத நாம் அதனைக் கடைப்பிடித்துக் காட்டுவதே முறை.

வேறு சிலர், “கொடுவாயைப் பண்ணையில் வளர்க்கிறார்களே, கழியில் குறைந்தால் என்ன?” என்று கேட்கக்கூடும். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், 1997 ஆம் ஆண்டில் கொடுவாயைச் செயற்கை முறையில் இனம் பெருக்கச் செய்து வெற்றி கண்டது உண்மை. நம் நாட்டு அறிவியலார் பெருமைப்படத்தக்க செயல் அது. பண்ணை மீன் சந்தைக்கு வருவதால் கழி மீனின்மேல் விழும் சுமை குறையவும் கூடும். ஆயினும் கழியில் கொடுவாய் வெறும் உணவுப் பொருள் அன்று. சிறு மீன்களையும் இறால்களையும் உண்டு அவற்றின் தொகையை வரம்பில் நிறுத்தும் காவலன் அது. தொட்டியில் பொரிக்கும் குஞ்சு, முகத்துவாரத்தில் தாய் மீன் செய்யும் பணி முழுவதையும் செய்யாது.

கொடுவாயின் வாழ்வுக்குத் தேவையானவை மூன்று: திறந்த முகத்துவாரம், கெடாத சதுப்பு, முதுமை வரை வாழ விடப்பட்ட சில மீன்கள். முதல் இரண்டும் அரசின் கையிலும் ஊராரின் கையிலும் உள்ளன. மூன்றாவது பெரும்பாலும் பிடிப்பவர் கையில் உள்ளது. கழிக்கரையில் விடியற்காலையில் தூண்டில் போடுபவரைக் கண்காணிக்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. பெரிய மீன் ஒன்று கரைக்கு வந்துவிட்ட அந்த நொடியில், அதைத் தூக்கிச் செல்வதா, நீரில் விடுவதா என்று தீர்மானிப்பவர் அவர் ஒருவரே. சட்டம் வரும் வரை காத்திராமல் இந்நெறிகளை இன்றே மேற்கொள்ள யாதொரு தடையும் இல்லை. விடுமுறையில் கடற்கரை செல்லும் மாணவர்கள் ஓர் அளவுகோலையும் உடன் எடுத்துச் செல்வார்களாக.